புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் சந்தோஷமாக இருக்கலாமா?

 

 

இந்த ஜும்ஆவுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு கிதாபைப் புரட்டி எடுத்ததல்ல. ஒரு சகோதரி என்னிடம் கேட்ட கேள்வி அது. அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயரும் ஊரும் சொல்லவில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மார்பில் கட்டி என்று காட்டப் போய், பயாப்ஸி எடுத்து, புற்றுநோய் என்று உறுதியாகி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை தஞ்சாவூர் போய் கீமோ ஏற்றிக்கொண்டு வருகிறார். தஹஜ்ஜுத் நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி வர இஷா ஆகிவிடும்.

நான்காவது கீமோ முடிந்து இரண்டு வாரம் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. நாக்கில் ருசி தெரிய ஆரம்பித்திருந்தது. மகள் மருதாணி இலையைப் பறித்து அம்மியில் அரைத்து, பெருநாள் இரவில் அம்மாவின் இரண்டு கையிலும் வைத்துவிட்டாள். தலையில் முடி இல்லை, புருவம்கூட உதிர்ந்துவிட்டது. கையாவது சிவக்கட்டும் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. காலையில் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "உடம்புல இவ்வளவு பெரிய நோயை வச்சுக்கிட்டு மருதாணி ஒரு கேடா? மௌத்தை நினைக்க வேண்டிய நேரம்மா இது" என்று சொல்லிவிட்டார். மருதாணி என்ன, கழுவினால் போகிற சாயமா? அது மங்கும்வரை, வீட்டுக்கு யார் வந்தாலும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார் அந்தச் சகோதரி.

அடுத்த கீமோ முடிந்த மூன்றாம் நாள். வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தாலும் குமட்டல். படுக்கையில் கிடந்து அழுதுகொண்டிருக்கிறார். பார்க்க வந்த இன்னொருவர் சொல்கிறார்: "அழாதீங்க ராத்தா, அழுதா மருந்து பிடிக்காது. எப்பவும் சந்தோஷமா இருந்தாத்தான் இந்த நோய் போகும்னு வீடியோவுல சொல்றாங்க."

நானும் என் வீட்டாரும் நோய் விசாரிக்கப் போனபோது அந்தச் சகோதரி கேட்டார்: "ஹஜ்ரத், சிரிச்சா பயமில்லாதவள்னு சொல்றாங்க. அழுதா ஈமான் இல்லாதவள்னு சொல்றாங்க. நான் எப்படித்தான் இருக்கணும்?"

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் சம்பவத்தைச் சொன்னேன். நம் பயான்களில் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அஸ்மா (ரலி) அவர்களின் மகன், மதீனாவின் ஏழு ஃபகீஹ்களில் ஒருவர். கலீஃபா வலீதைப் பார்க்க திமிஷ்க் போன பயணத்தில் கால் அழுகி, அதை வெட்டி எடுக்க வேண்டிவந்தது. அதே பயணத்தில் மகன் ஒருவரையும் இழந்தார். அப்போதும் அல்லாஹ் எடுத்ததைவிட விட்டுவைத்தது அதிகம் என்று புகழ்ந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இதைச் சொல்லி முடித்து, பொறுமையாக இருங்கள் என்று துஆ செய்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் என் வீட்டார் கேட்டார்கள்: "அந்தப் பிள்ளை கேட்டது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு. உர்வா சொன்னாங்கன்னா அது அவங்க கால். அவங்க வாய்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வார்த்தை வெட்டப்பட்ட காலுக்குச் சொந்தக்காரர் தம் நெஞ்சிலிருந்து சொன்ன வார்த்தை. பக்கத்துவீட்டுக்காரர் வந்து அவருக்குச் சொன்னதாக எந்த நூலிலும் இல்லை. இரண்டு கால்களோடு நடந்து போய் ஒரு நோயாளியிடம் அதை நான் சொல்லும்போது அது புகழாக இல்லை, கட்டளையாக ஆகிவிடுகிறது.

ஆகவே இப்போது நிதானமாக அந்தச் சகோதரியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

அழக்கூடாது என்று சொன்னவரின் பேச்சை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது கேட்பதற்கு நல்ல வார்த்தைபோல் இருக்கிறது. வலிக்கிறது என்று சொல்வது பொறுமைக்கு எதிரானதா? ஒரு நாள் ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலி தாங்காமல், ஐயோ என் தலை என்று சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. தமக்கும் தலை வலிப்பதாக, அதே வார்த்தையைத் தாமும் சொன்னார்கள். இமாம் புகாரி (ரஹ்) இந்த ஹதீஸைப் பதிவு செய்திருக்கிற பாடமே, நோயாளி தன் வலியைச் சொல்ல அனுமதி உண்டு என்பதைக் காட்டத்தான். அய்யூப் (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் தீண்டிவிட்டது என்று ரப்பிடம் முறையிட்டார்கள் (21:83). முறையிட்ட அந்த நபியைத்தான் பொறுமையாளர் என்று அல்லாஹ் புகழ்கிறான் (38:44). யஃகூப் (அலை) அழுது அழுது கண் வெளுத்துப்போனது. அவர்கள் சொன்னதும் அழகிய பொறுமையைத்தான். கண்ணீரும் ஸப்ரும் ஒரே முகத்தில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு சம்பவம். இதைப் பயான்களில் அதிகம் சொல்வதில்லை. கிராமவாசியான ஒரு பெரியவருக்குக் காய்ச்சல். நபி (ஸல்) அவர்கள் பார்க்கப் போனார்கள். தாம் வழக்கமாக நோயாளிகளிடம் சொல்வதுபோல, கவலை வேண்டாம், அல்லாஹ் நாடினால் இது பாவத்தைச் சுத்தப்படுத்தும் என்று ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பெரியவர் ஏற்கவில்லை. சுத்தமாவது! கிழவனின் உடம்பில் கொதிக்கிற காய்ச்சல் இது, கப்ருக்குத்தான் கொண்டுபோகும் என்ற பொருளில் பேசினார். நபி (ஸல்) அவர்கள், சரி, அப்படியானால் அப்படித்தான் என்று சொல்லி விட்டுவிட்டார்கள் (புகாரி). அந்த மனிதர் நல்ல வார்த்தையைத் தட்டிவிட்டது சிறப்பான செயல் என்று நான் சொல்லவில்லை. அவர் இழந்தது அவருக்குத்தான் நஷ்டம் என்று ஹதீஸ் விளக்கங்களில் பேசப்படுகிறது. நான் கவனிப்பது வேறு. அல்லாஹ்வின் தூதரே ஆறுதலை ஒரு முறை நீட்டினார்கள், ஏற்காதவரிடம் திணிக்கவில்லை. நாம் எத்தனை முறை திணிக்கிறோம்!

சந்தோஷமாக இருந்தால்தான் மருந்து வேலை செய்யும் என்பது உண்மையா என்று மருத்துவத்திலும் பார்க்கலாம். 2007-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் காய்ன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்ற 1,093 பேரின் மனநிலையைச் சிகிச்சையின் தொடக்கத்தில் குறித்துவைத்து, பிறகு அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். உற்சாகமாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் நாள் வாழவில்லை. சோர்ந்திருந்தவர்கள் அதனால் சீக்கிரம் போய்விடவும் இல்லை. இதைக் கேட்டுச் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் தெரியுமா? சிரிப்பு மருந்து என்று சொல்லிவிட்டால் சிரிப்பது கடமையாகிவிடும். கடமையாகிவிட்டால் தவறியவர் குற்றவாளி. நாளை ஸ்கேனில் நோய் திரும்பியிருக்கிறது என்று வந்தால், நான் அன்றைக்கு அழுததால்தான் என்று ஒரு பெண் தன்னையே சபித்துக்கொள்வாள். நோயையும் தந்து, நோய் தீராததற்குப் பழியையும் அவள் தலையிலேயே வைப்பது என்ன நியாயம்? ஆயுளை எழுதியவன் அல்லாஹ். அவளுடைய முகத்தில் இருக்கும் புன்னகையை வைத்து அவன் அதைக் கூட்டிக் குறைப்பதாக யாரும் நமக்குச் சொல்லவில்லை.

(மனம் பல நாள் இருண்டே கிடந்தால், தூக்கமே வராவிட்டால், அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். ஆயுளுக்காக அல்ல, வாழ்கிற நாள் நன்றாக இருப்பதற்காக. அதற்கும் மருந்து உண்டு, அதுவும் அல்லாஹ் இறக்கிய மருந்துதான்.)

இனி அந்தப் பெரியம்மாவின் பேச்சு. மௌத்தை நினைக்க வேண்டிய நேரத்தில் மருதாணியா என்றார். மரணத்தை அதிகம் நினைக்கச் சொல்லி ஹதீஸ் இருப்பது உண்மை. ஆனால் அது புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் சொன்னதா? அன்று காலை புதுச் சேலை கட்டி, வட்டலப்பம் சாப்பிட்டு வந்த அந்தப் பெரியம்மாவுக்கும் சேர்த்துத்தான். ஜிப்பா போட்டு அத்தர் பூசி மிம்பரில் ஏறுகிற எனக்கும் சேர்த்துத்தான். யாருடைய தவணை முதலில் என்று நமக்கு யார் சொன்னது?

புற்றுநோய் என்றாலே மரணம் என்கிற அந்த எண்ணத்துக்கு வயது அதிகம். அதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமான ஒருவர் நம் புதுக்கோட்டைக்காரர் என்பது நம் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சமஸ்தான மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்து, 1912-ல் சென்னையில் டாக்டராகி வெளியே வந்தவர். அவருடைய தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். தங்கையின் வேதனையைக் கண்ணால் பார்த்தவர், இந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 1952-ல் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இந்த நோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்று அன்று கேட்டவர்கள் உண்டு. பின்னாளில் அந்த மருத்துவமனையை வளர்த்த டாக்டர் சாந்தா அம்மையார் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். இன்று நம் பக்கத்து ஊர்களிலிருந்தே எத்தனை பேர் அடையாறு போய், தஞ்சாவூர் போய், திருச்சி, மதுரை போய் சிகிச்சை முடித்துத் திரும்பி, பேரன் பேத்தி எடுத்து வாழ்கிறார்கள். அந்தப் பெரியம்மா கேட்டதும் அந்தக் காலத்துக் கேள்விதான்: சாகப்போகிறவளுக்கு எதற்கு மருதாணி?

சாகப்போகிறவர்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் என்ன தவறு?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஹதீஸ் வருகிறது. ஸுஹைப் (ரலி) அவர்களுக்குக் கண்வலி. நபி (ஸல்) அவர்களிடம் வருகிறார்கள். முன்னால் ரொட்டியும் பேரீச்சம்பழமும் இருக்கிறது. சாப்பிட அழைத்ததும் ஸுஹைப் பேரீச்சம்பழத்தை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கண்வலியோடு பேரீச்சம்பழம் சாப்பிடுகிறாயா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஸுஹைப் சொன்ன பதில், நோவு இல்லாத மற்றப் பக்கத்தால்தான் மெல்லுகிறேன் என்பது! நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்கள் (இப்னு மாஜா). கண்ணுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? நோயாளி தன் நோயை வைத்தே ஒரு வேடிக்கை பேசினார், அவ்வளவுதான். நோயில் இருப்பவன் ஆசைப்பட்டதைச் சாப்பிடுகிறான், நகைச்சுவையும் பேசுகிறான். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அல்லாஹ்வின் தூதர். அவர்கள் அங்கே மௌத்தைப் பற்றி உபதேசிக்கவில்லை. புன்னகைத்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அலீ (ரலி) அவர்கள் நோயிலிருந்து எழுந்து பலவீனமாக இருந்த நேரம். தொங்கிய குலையிலிருந்து பேரீச்சங்காய்களை எடுத்துச் சாப்பிட்டபோது, நீ இன்னும் தேறவில்லை என்று நபியவர்கள் தடுத்தார்கள். தடுத்ததோடு விட்டார்களா? அந்த வீட்டு அம்மையார் கீரையும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்ததும், இதைச் சாப்பிடு, இது உனக்கு ஒத்துக்கொள்ளும் என்றார்கள் (அபூதாவூத், திர்மிதி). ஒருவருக்குச் சிரிப்போடு அனுமதி, ஒருவருக்கு அன்போடு தடை, தடுத்த இடத்தில் இன்னொரு தட்டு. நம் வீடுகளில் தடை மட்டும்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தது என்று சர்க்கரையை நிறுத்துகிறோம், கறியை நிறுத்துகிறோம், மீனை நிறுத்துகிறோம். முள் சீத்தா இலையைக் காய்ச்சி வாயில் ஊற்றுகிறோம். கீமோவில் எடை குறைந்துபோகிறவருக்கு டாக்டர் முட்டையும் மீனும் கொடுக்கச் சொல்லியிருப்பார். நாம் பத்தியம் என்று கஞ்சித் தண்ணீரில் நிறுத்திவைப்போம். நபி (ஸல்) அவர்களுடைய கடைசி நோயில், அவர்கள் வேண்டாம் என்று சைகை செய்தும், நோயாளி மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று நினைத்து வீட்டார் வாயோரத்தில் மருந்தை ஊற்றிவிட்டார்கள். தெளிந்ததும் நபியவர்கள், நான் தடுத்திருந்தேனே என்று கேட்டார்கள் (புகாரி). நோயாளியின் வேண்டாம் என்பதற்கு மதிப்பு உண்டு என்பதை இதிலிருந்தாவது நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்படி ஆசைப்பட்டதைச் சாப்பிட்டு, மருதாணி வைத்து, கடற்கரையில் காற்று வாங்கினால் அது கஃப்லத் ஆகாதா, அல்லாஹ்வை மறப்பது ஆகாதா என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. பசியோடு வெளியே வந்த நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர், உமர் (ரலி) அவர்களும் ஓர் அன்ஸாரியின் வீட்டுக்குப் போன ஹதீஸை நினைத்துப்பாருங்கள் (முஸ்லிம்). பேரீச்சம்பழம், ஆட்டு இறைச்சி, குளிர்ந்த தண்ணீர். சாப்பிட்டு முடித்ததும், இந்த நிஃமத்தைப் பற்றியும் மறுமையில் கேட்கப்படும் என்றார்கள். அதாவது அது ஒரு நிஃமத் என்று கவனிக்கச் சொன்னார்கள். நாம் காலையில் குடிக்கிற டீயை என்றைக்காவது கவனித்திருக்கிறோமா? ஃபோனைப் பார்த்துக்கொண்டே குடித்து முடிக்கிறோம். கீமோவில் வாய்க்கு எதைக் கொடுத்தாலும் இரும்பு ருசி அடித்து, பத்து நாள் கழித்து ஒரு காலையில் டீ டீயாகவே ருசிக்கும்போது, அந்தச் சகோதரி சொல்கிற அல்ஹம்துலில்லாஹ் இருக்கிறதே, அந்த ஆழத்திலிருந்து நான் சொன்னதில்லை. கஃப்லத்தில் இருப்பது யார்?

அய்யூப் (அலை) அவர்களுக்கு ஷிஃபா எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். காலால் பூமியைத் தட்டச் சொல்லி, குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீரை அல்லாஹ் கொடுத்தான் (38:42). மருந்தாக வந்ததே ஒரு குளியலும் ஒரு மிடறு தண்ணீரும்தான். இறப்பு நேர்ந்து துக்கத்தில் இருக்கும் வீட்டிலும் நோய் உள்ள வீட்டிலும் ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்ற மாவுக் கஞ்சியைச் செய்யச் சொல்வார்கள். அது நோயாளியின் மனதுக்கு இதம் தரும், துக்கத்தைக் கொஞ்சம் போக்கும் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதாக அறிவிக்கிறார்கள் (புகாரி). கொஞ்சம் போக்கும் என்றுதான் இருக்கிறது. முழுவதும் போக்கும் என்று இல்லை. நம் நோன்புக் கஞ்சிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிற உணவு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மருதாணியைப் பற்றியே தேடினேன். நபியவர்களுக்குப் புண்ணோ முள் குத்தியதோ இருந்தால் அதில் மருதாணி வைக்கச் சொல்வார்கள் என்று, அவர்களுக்குப் பணிவிடை செய்த ஸல்மா (ரலி) அறிவிக்கிறார்கள் (திர்மிதி). இதைக் கேட்டு யாரும் புற்றுநோய்க்கு மருதாணி வைத்தியம் என்று கிளம்பிவிட வேண்டாம்! நோயுற்ற உடம்பில் மருதாணி ஒரு கேடா என்று கேட்டவருக்கு மட்டும்தான் இந்தப் பதில். கடையில் கறுப்பு மருதாணி என்று விற்பதில் ரசாயனம் கலந்திருக்கும், அது கூடாது. இலையை அரைத்து வைப்பதானாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சையில் இருக்கிற சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் நேரடியாக ஒன்று சொல்கிறேன். உங்கள் மூன்று வாரமும் ஒரே மாதிரி இருக்காது. அது உங்களுக்கே தெரியும். முதல் வாரம் படுக்கை. அதை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த வாரத்தில் சிரிக்க முயற்சி செய்ய வேண்டியதில்லை. நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழ அனுமதி இருக்கிறது (புகாரி). ஊசிக் குழாய் போட்ட இடத்தில் தண்ணீர் படக்கூடாது என்றாலோ, வயிற்றில் பை வைத்திருந்தாலோ, ஒளூவுக்கும் தொழுகைக்கும் என்ன சட்டம் என்று உங்கள் ஊர் ஆலிமிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ இரண்டு மத்ஹபிலும் இதற்கு வழி இருக்கிறது. ஆரோக்கியமாக இருந்தபோது நீங்கள் செய்துவந்த அமல்கள், நோயில் செய்ய முடியாமல் போனாலும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் (புகாரி). கணக்கு நின்றுவிடவில்லை. பிறகு மூன்றாவது வாரம் வரும். பலருக்கும் அதுதான் நல்ல வாரம். அந்த வாரத்துக்கு என்ன வேண்டுமோ அதை இப்போதே யோசித்து வையுங்கள். நண்டு ரசமா, தங்கை வீட்டுக்கு ஒரு பயணமா, மாலையில் கடலோரம் ஒரு அரை மணி நேரமா, வாசலில் ஒரு மரக்கன்றா. 2018-ல் கஜா புயல் போன பிறகு கீரமங்கலம், வடகாடு பக்கம் விழுந்து கிடந்த பலா மரங்களுக்கு நடுவிலேயே மறுபடி கன்று நட்டார்களே, நினைவிருக்கிறதா? பலா காய்க்கப் பல வருஷம் ஆகும். நட்டவர்களில் வயதானவர்களும் இருந்தார்கள். கியாமத் நாளே வந்தாலும் கையில் இருக்கிற கன்றை நட்டுவிடச் சொன்ன மார்க்கம் இது (அஹ்மத்).

பார்க்கப் போகிறவர்களுக்கும் சில விஷயங்கள். கீமோ ஏறி ஒன்று இரண்டு வாரத்துக்குள் பல மருந்துகளில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது சாதாரணச் சளிகூட ஆபத்து. இருமலும் காய்ச்சலும் வைத்துக்கொண்டு நோய் விசாரிக்கப் போவதில் நன்மை கிடையாது. ஃபோனில் சலாம் சொல்லுங்கள், போதும். வீட்டில் உள்ளவர்கள் ஒன்றை எழுதி ஒட்டிவையுங்கள்: நோயாளிக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சமைக்காத உணவு, திறந்து வைத்த பழத்துண்டு வேண்டாம். ரயிலில் போகிறவர்கள் புற்றுநோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் உள்ள கட்டணச் சலுகைக்கு மருத்துவமனைச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். இது தெரியாமலே முழுக் கட்டணம் கொடுத்துப் போகிறவர்கள் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள்.

போனதும் என்ன பேசுவது? நபி (ஸல்) அவர்கள் ஒரு நோயாளியிடம் என்ன சாப்பிட ஆசை என்று கேட்டார்கள். கோதுமை ரொட்டி என்றார் அவர். யாரிடம் கோதுமை ரொட்டி இருக்கிறதோ அவர் தம் சகோதரருக்கு அனுப்பட்டும் என்றார்கள் (இப்னு மாஜா). இந்த அறிவிப்பின் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ்கலை அறிஞர்கள் சிலர் சொல்வார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஸஹீஹான தொடர் வேண்டுமா என்ன?

போன வாரம் என் வீட்டார் அந்தச் சகோதரிக்கு ஃபோன் போட்டு அதைத்தான் கேட்டார்கள். இந்த முறை உர்வாவும் இல்லை, உபதேசமும் இல்லை. என்ன வேணும்மா, என்ன செஞ்சு அனுப்பட்டும் என்று மட்டும். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம். பிறகு, "இன்னும் மூணு நாள் போகட்டும் மாமி, வாய்ப்புண் ஆறட்டும். அப்புறம் தேங்காய்ப்பால் ஊத்தின இடியாப்பம் வேணும். காரமா எதுவும் வேணாம்" என்றிருக்கிறார். நான் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து இவ்வளவு எழுதியிருக்கிறேன். இடியாப்பம் செவ்வாய்க்கிழமை போகிறது. அதோடு இந்தத் தாளையும் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

யா அல்லாஹ்! நம் ஊர்களிலிருந்து சிகிச்சைக்காக விடியற்காலைப் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களுக்கும், அவர்களுடைய பையைத் தூக்கிக்கொண்டு உடன் போகிறவர்களுக்கும் பயணத்தை இலேசாக்குவாயாக! ஷிஃபாவைக் கொடுப்பவன் நீயே. பூரணமான ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களுடைய நாவுக்கு ருசியையும் இரவுக்குத் தூக்கத்தையும் திருப்பித் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.